தோன்றா எழுவாய்: போர்நில ஒப்பந்தங்களை வாசித்தல் பற்றிய ஒரு பாடம்

எமது இந்துக் கல்லூரியின் விழா மலருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்கப் பாடலின் நயமோ காப்பியப் பாத்திரத்தின் குணவிசேடமோ ஆதல் கூடும். யாம் எடுத்துக்கொண்டதும் தமிழ்ப் பாடமே. அதிலும் இலக்கணப் பாடமே. ஆயினும் பாடத்துக்கு மூலமாய் அமைந்த ஏடு புலவர் எவரும் யாத்ததன்று. அஃது ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்க ஒப்பந்தம். பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து எம் கைக்கு வந்தது. அதனை யாம் ஒருமுறை பிழையாக வாசித்தோம். அப்பிழையின் பயனே இக்கட்டுரை.

ஒரு மாலைப்பொழுது

2005ஆம் ஆண்டு. யாம் ஆசிரிய பயிற்சி முடித்துத் தராதரப் பத்திரத்துடன் தோட்டப் பாடசாலைக்கு மீண்டு வந்த காலம். முன்னர் எம்மிடம் தமிழ் படித்த இளைஞன் ஒருவன் மழையில் நனைந்தபடி வந்து, சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினான்.

"சேர், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குக் கையெழுத்து வைக்கணும்."

எமது ஆங்கில அறிவு பெரிதன்று. எனினும் அத்தோட்டத்தில் அவ்வளவேனும் அறிந்தோர் மிகச் சிலரே. சம்பளம் எவ்வளவு என்று கேட்டான்; அவ்வரியைத் தேடிப் படித்தோம். எத்தனை ஆண்டு என்று கேட்டான், இரண்டு என்றோம். எந்த நாடு என்று கேட்டான். குவைத் என்று தெளிவாக இருந்தது. அதன் பின்னே, வேலையின் தேவைக்கேற்ப வேறெவ்விடத்துக்கும் அனுப்பப்படலாம் என்னும் பொருள்பட ஒரு தொடரும் இருந்தது. அதனை யாம் கண்டோம். எல்லா ஒப்பந்தங்களிலும் காணப்படும் வழக்கமான தொடர் என்று எண்ணி வாய்விட்டு வாசியாது கடந்தோம்.

அவனுடைய தந்தை அவ்வாண்டுதான் தோட்டவேலையிலிருந்து இளைப்பாறியவர். அவருடைய சேமலாப நிதிப் பணம் முழுவதும் முகவரிடம் போயிற்று. போதாமைக்குத் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. இளைஞன் குவைத்துக்குப் போனான். அங்கே முதல் ஒப்பந்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேறொரு தாளில் கையெழுத்துப் பெற்றனர். அதன் பிரதி அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. மூன்றாம் வாரத்தில் அவன் ஈராக்கில் இருந்தான்; இராணுவ முகாமொன்றின் சலவைக் கூடத்தில் படையினரின் உடைகளை வெளுத்துக்கொண்டிருந்தான்.

பதினான்கு மாதங்களின் பின் ஊர் திரும்பியபொழுது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. முகாமுக்குள் விழுந்த குண்டொன்று சலவைக் கூடத்துக்கு அருகே வெடித்ததாம். நட்டஈடு கேட்டுக் கடிதம் எழுதித் தருமாறு எம்மிடம் வந்தான். தாளும் பேனாவும் எடுத்து மேசையில் அமர்ந்தோம். 'பெறுநர்' என்று எழுதினோம். அதற்குக் கீழே எழுதுவதற்கு ஒரு பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. தன்னை வேலைக்கு வைத்த கம்பனி எது என்பது அவனுக்குத் தெரியாது. முகாமின் பெயர் தெரியும், மேற்பார்வையாளரைப் பிறர் அழைத்த செல்லப்பெயர் தெரியும், அவ்வளவே.

இலக்கணம் கூறுவது

எழுவாய் வெளிப்பட நில்லாது மறைந்து நிற்கும் வாக்கியத்தைத் தோன்றா எழுவாய் உடையது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். 'வந்தேன்' என்றால் 'நான்' தோன்றாது நிற்கிறது. இதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. வினைமுற்றின் விகுதியே எழுவாயைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், 'சம்பளம் வழங்கப்படும்', 'தொழிலாளி அனுப்பப்படுவார்', 'செலவு கழிக்கப்படும்' என்னும் செயப்பாட்டு வினைகளில் விகுதி எதனையும் காட்டாது. வழங்குபவர் யார்? அனுப்புபவர் யார்? கழிப்பவர் யார்? எம் கைக்கு வந்த ஒப்பந்தத்தைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து பார்க்கையில், அதன் வாக்கியங்களுள் பெரும்பாலன இத்தகையன என்பதை உணர்ந்தோம்.

இன்னுமொன்று. கருத்தா இருவகைப்படும் என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. கோயில் கட்டுவித்த அரசன் ஏவுதற் கருத்தா. கல்லையும் சுண்ணத்தையும் சுமந்து கட்டிய தச்சன் இயற்றுதற் கருத்தா. வழக்கில் இருவரையும் 'கட்டினான்' என்றே சொல்வோம். வகுப்பில் இவ்வேறுபாடு ஐந்து நிமிடப் பாடம். போர் நடந்த நிலத்தை மீளக் கட்டும் தொழிலிலோ, ஏவியவர்க்கும் இயற்றியவர்க்கும் இடையே ஐந்து நாடுகளும் ஆறு கம்பனிகளும் நிற்கக்கூடும். இயற்றியவன் காயமுற்றால் ஏவியவர் யார் என்பதே வழக்காகிவிடுகிறது.

ஈராக்கில் நிகழ்ந்தது

2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தலைமையில் படைகள் ஈராக்கினுட் புகுந்தன. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டின் மீள்நிர்மாணத்துக்கென அமெரிக்கக் காங்கிரசு ஏறக்குறைய 1,840 கோடி டொலரை ஒதுக்கியது. மின்நிலையம், நீர்வழங்கல், எண்ணெய்க்குழாய், பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றைத் திருத்துவதற்கும் கட்டுவதற்கும் அப்பணம் குறிக்கப்பட்டது. இதற்குப் புறம்பாக, படையினர்க்கு உணவு சமைத்தல், உடை வெளுத்தல், முகாம் துப்புரவாக்கல், எரிபொருள் ஏற்றிச் செல்லல் முதலிய பணிகள் யாவும் கம்பனிகளுக்கு ஒப்பந்தமாக விடப்பட்டன. முந்திய போர்களிற் சிப்பாயே செய்த வேலைகளிற் பலவற்றை இப்போரிற் கூலி பெற்ற குடியாள் செய்தான்.

இப்பணிகளின் பெரும் பங்கு, 2001 டிசெம்பரில் அமெரிக்கத் தரைப்படையுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட கே.பி.ஆர். என்னும் கம்பனிக்குச் சென்றது. அது தலைமை ஒப்பந்தக்காரர். அதன் கீழே குவைத்திலும் ஜோர்தானிலும் உள்ள துணை ஒப்பந்தக்காரர். அவர்க்குக் கீழே ஆள் திரட்டும் தரகர். தரகர்க்குக் கீழே கொழும்பிலோ காத்மண்டுவிலோ மணிலாவிலோ உள்ள முகவர். முகவர்க்குக் கீழே ஊர்தோறும் திரியும் உபமுகவர். தோட்டத்து லயத்தின் வாயிலிற் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தேநீர் அருந்துபவர் இக்கடைசி ஆள் ஒருவரே. தொழிலாளி முகங்கண்டு அறிந்தவரும் அவர் ஒருவரே.

போர்க்கால ஒப்பந்தங்களை ஆராய்வதற்கு அமெரிக்கக் காங்கிரசு 2008இல் அமைத்த ஆணைக்குழு, தன் இறுதி அறிக்கையை 2011 ஓகஸ்டில் வெளியிட்டது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பணிபுரிந்தோர் தொகை 2010இல் 2,60,000ஐக் கடந்திருந்தது என்றும், அவருட் பெரும்பாலார் அமெரிக்கரல்லர் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. வீண்செலவாகவும் மோசடியாகவும் கழிந்த பணம் 3,100 கோடி முதல் 6,000 கோடி டொலர் வரை இருக்கலாம் என்பதும் அதன் மதிப்பீடு. மேலே இத்துணைப் பெருவெள்ளம் பாய்ந்தபொழுது, அடியில் நின்றவன் தன் பயணச் செலவைத் தானே கடன்பட்டுக் கட்டிச் சென்றான் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பன்னிருவர் வழக்கு

இச்சங்கிலியின் இயல்பை உலகுக்குக் காட்டியது நேபாளத் தொழிலாளர் பன்னிருவரின் முடிவு. 2004ஆம் ஆண்டில் அவர்கள் கடன்பட்டு முகவர்க்குப் பணங்கொடுத்துப் புறப்பட்டனர். பெரும்பாலார்க்குக் கூறப்பட்டது ஜோர்தானில் உணவுவிடுதி வேலை. ஜோர்தானில் அவர்களது கடவுச்சீட்டுகள் வாங்கப்பட்டன. ஈராக்கிலுள்ள அமெரிக்க விமானத்தளம் ஒன்றுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். காவலற்ற வாகனங்களிற் செல்லும் வழியில் ஆயுதக் குழுவினர் அவர்களைப் பிடித்தனர். ஓகஸ்ட் மாத முடிவில் பன்னிருவரும் கொல்லப்பட்ட செய்தி வெளியாயிற்று. மறுநாள் காத்மண்டு நகரில் கலவரம் மூண்டது.

அவர்தம் குடும்பத்தார் செய்த முறையீட்டின்மேல், அமெரிக்கத் தொழிற் திணைக்களத்தின் நீதிபதியொருவர் 2008இல் ஜோர்தானியத் துணை ஒப்பந்தக் கம்பனியும் அதன் காப்புறுதியாளரும் நட்டஈடு வழங்கவேண்டுமெனத் தீர்த்தார். தலைமை ஒப்பந்தக்காரரான கே.பி.ஆர். மீது தொடுக்கப்பட்ட வழக்கோ நெடுங்காலம் நடந்து, 2017 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் குடும்பத்தார்க்குப் பாதகமாக முடிந்தது. ஒரே சம்பவம், சங்கிலியின் ஒரு கண்ணி பொறுப்பாயிற்று, மேற்கண்ணி பொறுப்பாகவில்லை. எழுவாயைத் தேடிக் காணுதல் எத்துணைப் பெறுமதியுடையது என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இஃது அயலார் கதையென ஒதுக்கற்பாலதன்று. 2004 ஒக்டோபர் இறுதியில் ஈராக்கிற் பிணையாகப் பிடிக்கப்பட்ட பாரவூர்திச் சாரதிகள் இருவருள் ஒருவர் இலங்கையர், மற்றவர் வங்காளதேசத்தவர். இருவரும் குவைத்துக் கம்பனியின் ஊழியர். டிசெம்பரில் விடுதலை பெற்றனர். அதே ஆண்டு ஜூலையில் இந்தியச் சாரதிகள் மூவர் பிடிக்கப்பட்டுச் செப்டெம்பர் முதலாந் தேதி விடுவிக்கப்பட்டனர். அவர்களும் குவைத்திலிருந்தே சென்றவர்கள்.

படைகள் வெளியேறிய பின்னரும் இடர் ஒழியவில்லை. 2014 யூனில் மோசூல் நகர் தீவிரவாதிகளிடம் வீழ்ந்தபொழுது, அங்கே கட்டட வேலையிலிருந்த இந்தியத் தொழிலாளர் பிடிபட்டனர். அவருள் 39 பேர் கொல்லப்பட்டனர் என்பது 2018 மார்ச்சிலேயே உறுதிசெய்யப்பட்டு அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுக்காலம் அவர் மனைவியர் தாம் சுமங்கலியரோ அல்லரோ என்பதை அறியாது வாழ்ந்தனர். அதே காலத்தில் திக்ரித் நகர வைத்தியசாலையில் அகப்பட்ட இந்தியத் தாதியர் 46 பேர் 2014 ஜூலையிற் பத்திரமாய் நாடு திரும்பினர். அவருட் பலர்க்குப் படிப்புக்கெனப் பெற்ற கடன் நிலுவையில் இருந்தது. சம்பளப் பாக்கியும் இருந்தது. குண்டொலி கேட்கையிலும் வெறுங்கையுடன் ஊர் திரும்புதலை எண்ணி அவர்கள் தயங்கினர் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. கடன் மனிதனை எங்கே நிறுத்திவைக்கும் என்பது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதன்று.

நம் பாட்டனார் கையிலிருந்த துண்டு

ஊவாவின் மலைகளிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் கங்காணிமார் மூலம் திரட்டப்பட்டவர்கள். புறப்படும்பொழுதே முற்பணம் கொடுக்கப்பட்டது. வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் அக்கணக்கில் ஏறின. தோட்டத்திற் காலடி வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவதாயின், இத்துணை ரூபா கடனைத் தீர்த்தால் இவ்வாட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாள் வேண்டும். அத்தாளின் பெயர் துண்டு. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும்; கடன் தொழிலாளியின் தலைமேலேயே தொடரும். அத்தாளில் எழுதப்பட்டிருந்ததை வாசித்தறியும் வல்லமை அவனுக்கு இருக்கவில்லை.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாற் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மூன்றாண்டுகளின் பின், 1924இல், புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. எனினும் புறப்படுமுன் கடன், இடைநின்ற தரகர், தனக்கு விளங்காத மொழியில் ஒரு தாள் என்னும் மூன்றும் ஒருங்குகூடும் இடமெல்லாம் துண்டு வேறு பெயரில் உயிர்த்தெழுகிறது என்பது எம் கருத்து. காவலும் வேலியும் இன்றியே மனிதனை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் வன்மை கடனுக்கு உண்டு. குண்டு விழும் முகாமிலிருந்து எம் மாணவன் முதல் மாதத்திலேயே திரும்பாமைக்குக் காரணம் யாது என்று கேட்டோம். "தோடு அடகுல இருந்துச்சே சேர்" என்றான்.

சட்டம் தரும் துணை

இருள் முழுவதும் இருளன்று. அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ்ப் பிறநாட்டில் வேலைசெய்வோர்க்குக் காயமோ மரணமோ நேரின் நட்டஈடு வழங்கும் சட்டம் 1941ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆங்கிலத்தில் அது 'டிபென்ஸ் பேஸ் அக்ட்' என வழங்கும். தொழிலாளி எந்நாட்டவன் என்பதை அச்சட்டம் பாராது. துணை ஒப்பந்தக்காரரும் தம் ஆட்களுக்குக் காப்புறுதி எடுத்தல் வேண்டும். காயத்தைப் பொதுவாக முப்பது நாளுள் வேலைகொள்வோர்க்கு அறிவித்தலும், ஓராண்டினுள் உரிமை கோருதலும் அதன் விதி. 2005இல் யாம் இதனை அறிந்திருக்கவில்லை. அறிந்திருப்பினும், வேலைகொள்வோர் பெயரின்றி எங்ஙனம் கோருவது?

ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைத்தலைமை, தொழிலாளரிடமிருந்து பறித்து வைத்த கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு 2006 ஏப்பிரலில் ஒப்பந்தக்காரர்க்கு ஆணையிட்டது. 2012 செப்டெம்பர் 25ஆந் தேதி அமெரிக்க சனாதிபதி பிறப்பித்த 13627ஆம் இலக்க நிறைவேற்றாணை மேலும் தெளிவானது: அரசாங்க ஒப்பந்தங்களின் கீழ் ஆள் திரட்டுவோர் தொழிலாளியிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்குதல், வேலையின் தன்மையையும் இடத்தையும் பற்றிப் பொய் கூறுதல், கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல் என்பன விலக்கப்பட்டன. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உண்டு. முகவர் அதன் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். தொழிலாளி புறப்படுமுன் அங்கே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பதிவு செய்தோர்க்குக் காப்புறுதியும் உண்டு. உபமுகவர் சொல்லும் 'குறுக்குவழி' என்பது பெரும்பாலும் இப்பதிவைத் தவிர்க்கும் வழியே.

ஆறு வினாக்கள்

வினைச்சொல் ஒன்று ஆறு செய்திகளை உணர்த்தும் என்பது நன்னூலார் துணிபு. அவ்வாறினையும் கொண்டு, இலக்கணப் பொருளைச் சற்றே நீட்டி, ஒப்பந்தமொன்றை வாசிக்கும் முறையை இங்கே வகுத்துக் கூறுகிறோம்.

முதலாவது, செய்பவர். எம்மை வேலைக்கு வைப்பவர் யார்? முகவர் பெயரன்று, சம்பளம் தரும் கம்பனியின் முழுப் பெயரும் விலாசமும் தாளில் உண்டா? அக்கம்பனி எவருக்குத் துணை ஒப்பந்தக்காரர்? முகவரின் உரிம இலக்கம் யாது? 'வழங்கப்படும்' என்று வருமிடந்தோறும் 'யாரால்?' என்று பென்சிலால் எழுதிக் கேட்டல் நன்று.

இரண்டாவது, நிலம். நாடு மட்டுமன்றி நகரும் குறிக்கப்பட்டுள்ளதா? 'வேறெவ்விடத்துக்கும்' என்னும் தொடர் உண்டா? உண்டெனின் அது வழக்கமான தொடரன்று. ஒப்பந்தம் முழுமையும் அத்தொடரின் உள்ளேதான் இருக்கிறது. விசா எந்நாட்டுக்குரியது என்பதை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, காலம். தொடங்கும் நாளும் முடியும் நாளும் யாவை? நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம்? இடையில் ஆபத்து நேரின் விலகும் உரிமை உண்டா? திரும்பும் பயணச்சீட்டு எவர் செலவு?

நான்காவது, தொழில். 'உதவியாளர்', 'பொது வேலை' என்னும் சொற்கள் எதனையும் கூறாத சொற்கள். உருசிய-உக்கிரேன் போரில் 'உதவியாளர்' வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர் போர்முனையில் நிறுத்தப்பட்டனர். இதனை இந்திய மத்தியப் புலனாய்வுத் துறையினர் 2024 மார்ச்சில் வழக்காகப் பதிந்தனர். நம் நாட்டு முன்னாட் படையினர் பலரும் அவ்வாறே ஏமாற்றப்பட்டமையால், அதே ஆண்டு இலங்கை அரசாங்கம் மொஸ்கோவுக்குத் தூதுக்குழு அனுப்ப நேர்ந்தது. தொழிலின் பெயர் தெளிவற்றதாயின் தொழிலும் தெளிவற்றதே.

ஐந்தாவது, கருவி. வேலை செய்வதற்கும் உயிரைக் காத்தற்கும் தரப்படுபவை யாவை? காவல் வாகனம், தலைக்கவசம், பதுங்குமிடம், வைத்திய வசதி, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டல் வேண்டும். எல்லாவற்றினும் மேலான கருவி கடவுச்சீட்டு. அது தன் கையிலேயே இருத்தல் வேண்டும்.

ஆறாவது, செய்பொருள், உழைப்பின் முடிவிற் கைக்கு வந்து சேர்வது. சம்பளத்திற் கழிக்கப்படுபவை எவை? எந்த வங்கியில், எம்மாதத்தில், எவர் பெயரில் இடப்படும்? காயமுறின் எவ்வளவு? இறந்துபடின் உடல் ஊர் சேருமா? உரிமை எவர்க்குச் சேரும்? இவ்வினாவைக் கேட்க நம் மக்கள் கூசுவர். புறப்படும் வேளையில் அமங்கலம் பேசலாகாது என்பர். பேசாது விட்ட அமங்கலமே பின்னர் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது.

வினாக்கள் முடிந்த பின்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டிலும், மற்றொன்றை நம்பத்தக்க அயலார் ஒருவரிடமும் வைத்தல் வேண்டும். போய்ச் சேர்ந்த நாட்டில் வேறொரு தாளிற் கையெழுத்துக் கேட்டால், அதனையும் படம்பிடித்து ஊருக்கு அனுப்புதல் வேண்டும். எம் மாணவன் கையில் அத்தகைய ஒரேயொரு படம் இருந்திருப்பின், 'பெறுநர்' என்னும் சொல்லின் கீழ் அன்று ஒரு பெயர் எழுதியிருப்போம்.

போகற்க என்பதன்று

இவற்றைக் கூறுதலால், எவரும் போகற்க என்று விலக்குவதாகக் கொள்ளற்க. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021ஆம் ஆண்டிலேதான் வர்த்தமானியில் ஏறியது. அத்தகைய வருவாயிற் பிள்ளைகளைப் படிக்கவைக்க இயலாத தந்தையொருவரிடம், குந்தியிருந்து புத்தி சொல்லும் உரிமை மாதச் சம்பளக்காரராகிய எமக்கு இல்லை. போய்வந்து நிலம் வாங்கி வீடு கட்டினோரும், தம்பி தங்கையரைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினோரும் பசறையிலும் அப்புத்தளையிலும் லுணுகலையிலும் உளர். சிதைந்த ஊரை மீளக் கட்டுதல் இழிதொழிலும் அன்று. பாலமும் பாடசாலையும் எவராலோ கட்டப்படுதல் வேண்டும். கட்டுபவன் அறிந்து, உடன்பட்டு, உரிய கூலியும் உரிய காவலும் பெற்றுக் கட்டவேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

நிறைவாக

சென்ற ஆண்டு அதே மாணவன் மீண்டும் எம்மிடம் வந்தான். இப்பொழுது பதுளை நகரில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். பயணிகள் முன்னாற் கூறுவது கேளாமையாற் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறான். அவன் கையிற் மைத்துனனுடைய ஒப்பந்தம். இம்முறை இருவரும் மேசையின் இருபுறமும் அமர்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தோம். ஆறு வினாக்களுள் இரண்டுக்கு அத்தாளில் விடையில்லை. அவ்விரண்டையும் எழுதி முகவர்க்கு அனுப்பினோம். மறுமொழி வரவில்லை. முற்பணம் இன்னும் கொடுக்கப்படாதிருந்தமை பெரும் பேறு. மைத்துனன் வேறொரு முகவர் மூலம், பணியகத்திற் பதிவு செய்து, கட்டாரிற் கட்டட வேலைக்குச் சென்றுள்ளான். அவனுடைய ஒப்பந்தத்தின் பிரதி எமது மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அன்று தொட்டு மாதத்தின் இரண்டாஞ் சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணிக்கு எமது பாடசாலையின் வகுப்பறையொன்று திறந்திருக்கிறது. தாள் வைத்திருப்போர் வருகின்றனர். ஆங்கிலத்திற் கடினமான தொடர் வந்தால் யாமும் தடுமாறுகிறோம். சட்டச் சொல் வந்தால் விழிக்கிறோம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் நியாயவாதிகள் உளர். வங்கி உத்தியோகத்தர் உளர். ஆங்கில ஆசிரியர் உளர். வெளிநாடுகளில் அத்தகைய கம்பனிகளிலேயே கணக்காளராய் இருப்போரும் உளர். கல்லூரி நமக்கு வாசிக்கக் கற்றுத் தந்தது. மாதத்தில் ஒரு பிற்பகலைத் தர இயலுமானோர் சங்கத்தின் செயலாளரிடம் தம் பெயரைக் கொடுத்தல் போதும். தொலைவில் உள்ளோர் தொலைபேசியில் ஒரு தொடரின் பொருளைச் சொல்லித் தரலாம்.

வாங்குகள் போதியன உண்டு. வாசிப்போர்தாம் வேண்டும்.